நகத்தளவு கார்டை நம்பலாமா?

பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு தபால் உறையுடன் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன உறை அது. உள்ளே, கைப்பேசியில் போடுகிற மெமரி கார்டு ஒன்று இருந்தது.

"என் சேமிப்பு இதுலதான் இருக்கு, பத்திரமா வெச்சுக்கோங்கப்பான்னு சொல்லிட்டுப் போனான் சார். மூணு வருஷமா சுவாமி அலமாரியில வெச்சிருக்கேன். இது எத்தனை நாள் தாங்கும்? ஒரு தடவை கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துடலாமா?" என்று கேட்டார்.

நல்லவேளையாக, போட்டுப் பார்ப்பதற்கு முன் கேட்டார். அந்தக் கார்டில் இருந்தது அவர் மகன் வாங்கி வைத்திருக்கும் பிட்காயினின் இரகசியச் சாவி. நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் இப்படி ஏதோ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள்; காவல் காக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது. கிரிப்டோ நாணயம் வாங்கலாம் என்றோ கூடாது என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வாங்கிவிட்டவர்கள் தொலைக்காமல் இருப்பது எப்படி என்பதே இங்கு நாம் பேசப்போவது.

சாவி எது, பெட்டி எது?

பிட்காயின் 2009-ஆம் ஆண்டு ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு ரிசர்வ் வங்கி போல ஒரு தலைமையகம் கிடையாது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேடாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பேரேட்டில் உள்ள தொகையை எடுத்துச் செலவிட ஒரு நீண்ட இரகசிய எண் வேண்டும். அதுதான் சாவி. சாவி யார் கையில் இருக்கிறதோ அவரே உடைமையாளர். பீரோ சாவி தொலைந்தால் பூட்டுக்காரரைக் கூப்பிடலாம். பாங்க் பாஸ்புக் தொலைந்தால் மானேஜரிடம் எழுதிக் கொடுக்கலாம். இந்தச் சாவி தொலைந்தால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

சாவியை இணையத்தில் ஒரு வர்த்தக நிறுவனத்திடமே விட்டுவைப்பவர்களும் உண்டு. அதில் வேறு ஆபத்து. 2024 ஜூலையில் நம் நாட்டின் வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. வாடிக்கையாளர்கள் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இத்தகைய அனுபவங்களால்தான் பலர் 'ஹார்டுவேர் வாலட்' எனப்படும் சிறு கருவியை வாங்குகிறார்கள். சாவி அந்தக் கருவிக்குள்ளேயே பிறந்து, உள்ளேயே தங்கி, வேலை செய்யும். இணையத்துக்கு வராது.

கருவி கெட்டுப்போனால்? திருட்டுப் போனால்? அதற்காகத்தான் காப்பு நகல். பெரும்பாலான கருவிகள் சாவியை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக மாற்றித் திரையில் காட்டும். நாம் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து இச்சொற்கள் வருகின்றன. 2013-இல் வகுக்கப்பட்ட இம்முறையைப் பல தயாரிப்பாளர்களும் பின்பற்றுவதால், ஒரு கம்பெனியின் கருவி போனாலும் இன்னொன்றில் அதே சொற்களைக் கொடுத்துப் பணத்தை மீட்கலாம்.

சில கருவிகள் இத்துடன் மெமரி கார்டிலும் நகல் எடுக்கின்றன. சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸ்02, கனடாவின் கோல்டுகார்டு ஆகியவை இவ்வகை. இவற்றிடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கோல்டுகார்டு எழுதும் நகல் பூட்டப்பட்டது. அதைத் திறக்கத் தனியாக ஒரு கடவுச்சொல் வேண்டும். பிட்பாக்ஸ்02 எழுதும் நகலுக்குப் பூட்டு இல்லை. கார்டு கிடைத்தவர் கையில் பணமும் கிடைத்தது போலத்தான். நண்பரின் மகன் வைத்திருந்தது இரண்டாவது வகை. அதனால்தான் அதைக் கம்ப்யூட்டரில் போடவேண்டாம் என்று தடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒரு திருட்டு நிரல் ஒளிந்திருந்தால், கார்டு நுழைந்த அடுத்த நொடியில் சாவி வெளியே போயிருக்கும்.

கார்டு எப்படி மறக்கிறது?

இப்போது அவருடைய முதல் கேள்விக்கு வருவோம். எத்தனை நாள் தாங்கும்?

மெமரி கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் என்னும் நினைவகம். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோக்கா என்ற பொறியாளர் உருவாக்கியது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையும் நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் மூடப்பட்டது. எழுதுவது என்றால், மின்னழுத்தம் கொடுத்து அந்த மூடிய அறைக்குள் எலெக்ட்ரான்களைத் தள்ளி அடைப்பது. மின்சாரம் நின்றபின்னும் அவை உள்ளேயே அடைபட்டிருக்கும். படிப்பது என்றால், உள்ளே எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று அளப்பது.

ஆனால் எந்த அறையும் முழுக்கக் கசிவற்றது அல்ல. மண்பானைத் தண்ணீர் போல, எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிகின்றன. கசிவு மூன்று காரணங்களால் கூடும்.

முதலாவது, தேய்மானம். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்த மின்கடத்தாச் சுவர் சிறிது பழுதாகிறது. பலமுறை எழுதப்பட்ட கார்டு விரைவில் மறக்கும்.

இரண்டாவது, வெப்பம். சூடு ஏற ஏறக் கசிவு பல மடங்காகும். கம்ப்யூட்டர்களில் உள்ள எஸ்.எஸ்.டி. எனும் ஃபிளாஷ் வட்டுகளுக்கு ஜெடெக் என்ற தர அமைப்பு ஒரு விதி வைத்திருக்கிறது: எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த வட்டு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும். அதற்கு மேல் அந்த விதி உறுதி கேட்கவில்லை. புதிய கார்டு இதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் டில்லி மே மாதத்தில், மேல்மாடி வீட்டுப் பரணில், 30 டிகிரி எங்கே இருக்கிறது?

மூன்றாவது, நெருக்கடி. ஆரம்பகாலக் கார்டுகளில் ஓர் அறைக்கு ஒரு துண்டுத் தகவல்: நிரம்பியது, காலி என்று இரண்டே நிலைகள். விலை குறைக்க வேண்டி, பிறகு ஓர் அறையில் இரண்டு, மூன்று, நான்கு துண்டுகளை அடைத்தார்கள். அப்போது 4, 8, 16 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். பாதி டம்ளர், முழு டம்ளர் என்று சொல்வது எளிது; டம்ளரைப் பதினாறு கோடுகளாகப் பிரித்து எந்தக் கோடு என்று கேட்டால், சிறிது ஆவியானாலும் கணக்குத் தப்பும். கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கார்டுகள் பெரும்பாலும் அறைக்கு மூன்று அல்லது நான்கு துண்டு வகையே.

இவை தவிர, கார்டுக்குள் கண்ட்ரோலர் என்ற ஒரு சிறு மூளையும் இருக்கிறது. சிறு பிழைகளை அதுவே திருத்திக்கொள்ளும். அது செத்துவிட்டால், அறைகளில் தகவல் அப்படியே இருந்தாலும் நமக்குக் கிடைக்காது. காகிதம் மஞ்சளாகி, மங்கி, ஓரம் கிழிந்து எச்சரிக்கை தரும். கார்டு நேற்று வரை படித்துவிட்டு இன்று ஒரேயடியாக வாய் மூடிவிடும்.

எதை வாங்குவது?

காப்பு நகலின் அளவு மிகச் சிறியது. ஒரு சாதாரணப் புகைப்படத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே கடைக்காரர் பெரிய கார்டைக் காட்டினால் மயங்க வேண்டாம். 8, 16 அல்லது 32 ஜி.பி. போதும். 32 ஜி.பி.க்கு மேற்பட்டவை வேறு கோப்பு முறையில் அமைக்கப்படுவதால் சில கருவிகள் அவற்றைப் படிக்க மறுப்பதும் உண்டு. உறையில் அச்சிட்டிருக்கும் வேகக் குறியீடுகள் எல்லாம் வீடியோ எடுப்பவர்களுக்கானவை; நமக்குப் பயன் இல்லை.

'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்ட கார்டுகள் கண்காணிப்புக் கேமராக்களுக்காகச் செய்யப்பட்டவை. இடைவிடாமல் எழுதி அழிப்பதைத் தாங்குவதே அவற்றின் சிறப்பு. சாதாரணக் கார்டைவிட இவை மேல் என்றே கொள்ளலாம். விலையும் கைக்கு எட்டும். ஆனால் நாம் ஒருமுறை எழுதிவிட்டு மூடி வைக்கப் போகிறோம் என்பதால், அந்தப் பெயர் மட்டுமே நமக்கு உறுதிச்சீட்டு ஆகாது.

அதற்கும் மேலே தொழிற்சாலைத் தரக் கார்டுகள் உள்ளன. ஸ்விஸ்பிட், ஏடிபி, டெல்கின் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. சான்டிஸ்க், கிங்ஸ்டன், டிரான்சென்ட் ஆகியோரும் இவ்வகையில் தனி வரிசை வைத்திருக்கிறார்கள். இவற்றில் சில, அறைக்கு ஒரு துண்டு மட்டுமே எழுதும் பழைய முறையைக் கையாள்கின்றன. விலை பல மடங்கு. பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய செலவு அல்ல. வாங்கும்போது விவரத்தாளைக் கேட்டு, 'தகவல் தங்கும் காலம்' என்ற வரியைப் பாருங்கள். புதிய நிலையில் 10 ஆண்டு, ஆயுள் முடிவில் 1 ஆண்டு என்று நாணயமாக எழுதியிருப்பதைக் காணலாம். அந்த ஒரு வரியே கார்டின் குணத்தைச் சொல்லிவிடுகிறது.

எந்த வகை வாங்கினாலும் இரண்டு வாங்குங்கள். இரண்டும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒரே கம்பெனியின் ஒரே தொகுதியில் குறை இருந்தால் இரண்டும் ஒன்றாகவே கெடும். வீட்டில் பழைய போனிலிருந்து எடுத்த கார்டு சும்மாதானே கிடக்கிறது என்று அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். அதன் அறைகள் ஏற்கெனவே தேய்ந்தவை.

போலியைக் கண்டுபிடிப்பது

போலிக் கார்டுகள் செய்வோரின் தந்திரம் எளியது. உள்ளே 8 ஜி.பி. வைத்து, கண்ட்ரோலருக்கு 128 என்று பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரும் 128 என்றே காட்டும். எட்டுக்கு மேல் எழுதும் எதுவும் காற்றில் போகும். நம் நகல் சிறியதுதானே, எட்டே போதுமே என்று தோன்றலாம். ஆனால் பொய் சொல்லும் கார்டில் போட்டிருக்கும் சில்லு எந்தக் குப்பையிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லுடன் வாங்குவதே முதல் பாதுகாப்பு. இணையத்தில் வாங்கினால், தளத்தின் பெயரை மட்டும் பாராமல், அந்தப் பொருளை உண்மையில் விற்பவர் யார் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருப்பதையும் பாருங்கள். பாதி விலைக்குக் கிடைத்தால் பாதிச் சந்தேகம் வரவேண்டும்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸ், மேக் கணினிகளில் 'எஃப்3' ஆகிய இலவச நிரல்கள் இதற்கென்றே உள்ளன. அவை கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். 32 ஜி.பி. கார்டுக்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஒருமுறை முழுக்க எழுதுவதால் வரும் தேய்மானம் பொருட்படுத்தத் தக்கதன்று. ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே வரிசை முக்கியம். சோதனை முதலில், நகல் பிறகு. நகல் எழுதிய பின் அந்தக் கார்டு ஹார்டுவேர் வாலட்டைத் தவிர வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும், கைப்பேசியிலும், ஸ்டூடியோக்காரர் கருவியிலும் நுழையக் கூடாது.

எழுதியதும் செய்யவேண்டியது

நகல் எடுத்தாயிற்று என்று உறையை ஒட்டிவிடுபவர்கள்தாம் அதிகம். அது திரும்பப் படிக்குமா என்று பார்த்தவர்கள் குறைவு. பெரிய தொகையை மாற்றுவதற்கு முன், சிறு தொகை ஒன்றைக் கருவிக்கு அனுப்புங்கள். பிறகு கருவியை வெறுமையாக்கி, கார்டிலிருந்து மீட்டுப் பாருங்கள். அதே முகவரியும் அதே சிறு தொகையும் திரும்ப வந்தால் நகல் மெய்யானது. அதேபோல எழுதிவைத்த சொற்களைக் கொண்டும் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

சொற்களுக்கு மேல் கூடுதலாக ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. பிட்பாக்ஸ்02-இல் அந்தக் கடவுச்சொல் கார்டு நகலில் சேராது. அதைத் தனியே எழுதிவைக்காவிட்டால் கார்டு நன்றாக இருந்தும் பணம் கிடைக்காது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஸ்டீபன் தாமஸ் என்ற மென்பொருள் வல்லுநர் 7,002 பிட்காயின்களின் சாவியை ஐயன்கீ என்ற பூட்டுள்ள ஃபிளாஷ் கருவியில் வைத்திருந்தார். கடவுச்சொல் எழுதிய தாள் தொலைந்துவிட்டது. பத்து முறை தவறாகக் கொடுத்தால் கருவி தன் உள்ளடக்கத்தை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை முயன்றுவிட்டார், இரண்டே மீதம் என்று 2021 ஜனவரியில் செய்தி வந்தது. கருவியில் பழுது இல்லை. தாள்தான் இல்லை.

எங்கே வைப்பது?

நண்பர் கார்டை வைத்திருந்த சுவாமி அலமாரிக்கு அடுத்த தட்டில் இரண்டு வேளையும் விளக்கு எரிகிறது. பக்தியில் குறையில்லை, வெப்பத்தில்தான் குறை. வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத சுவரை ஒட்டிய பீரோவின் கீழ்த்தட்டு மேல். பரண், சமையலறை, கார் டாஷ்போர்டு மூன்றும் ஆகா.

கார்டை அதன் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, புதுக் காலணிப் பெட்டியிலும் மருந்துக் குப்பியிலும் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் இறுக்கமான உறையில் வையுங்கள். மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் இது அவசியம். தாமிர முனைகள் அரிக்கும். காந்தத்துக்கு அஞ்ச வேண்டாம்; அது பழைய ஃபிளாப்பிக்குத்தான் எமன்.

இரண்டாவது கார்டு வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். பாங்க் லாக்கரிலோ, ஊரில் நம்பிக்கையான உடன்பிறப்பிடம் முத்திரையிட்ட உறையிலோ வைக்கலாம். பூட்டில்லாத நகல் என்றால் யாரிடம் கொடுக்கிறோம் என்று இருமுறை யோசியுங்கள். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களில் சாமான் கட்டும் நாளில்தான் சின்னப் பொருள்கள் தொலைகின்றன. அன்று இந்த உறை உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

கார்டு மட்டும் போதாது

இவ்வளவு சொன்னபின்னும், கார்டை மட்டுமே நம்புவதை நான் ஏற்கமாட்டேன். கார்டு வசதிக்காக, சொற்கள் உறுதிக்காக. 24 சொற்களை நல்ல தாளில் பென்சிலாலோ, நீரில் கரையாத மையாலோ எழுதிவையுங்கள். அதற்கும் மேல் உறுதி வேண்டுமானால் எவர்சில்வர் தகடு. அது உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும்; வீட்டில் தீப்பிடித்தாலும் எழுத்து நிற்கும். ஆங்கிலப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லையும் முதல் நான்கு எழுத்தே தனித்துக் காட்டிவிடும் என்பதால், அந்த நான்கை மட்டும் பொறித்தால் போதும். ஆணியும் சுத்தியலும் கொண்டு நீங்களே பொறியுங்கள். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிறாரே என்று கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்! கைப்பேசியில் படம் பிடிப்பதும் கூடாது.

கார்டு நகலை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கருவியின் மூலம் புதுக் கார்டில் எடுத்துவிடுங்கள். பழைய கார்டை அழித்துவிட்டேன் என்று குப்பையில் போடக் கூடாது. ஃபிளாஷில் 'அழித்தது' பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். கத்தரியால் பல துண்டுகளாக வெட்டுங்கள்.

கடைசியாக, வீட்டாருக்குச் சொல்லுங்கள். சாவியைச் சொல்ல வேண்டாம். அப்படி ஒன்று இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது, என் காலத்துக்குப் பின் இன்னாரைக் கேட்டுத் திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, உயிலுடன் வையுங்கள். கிரிப்டோ நாணயமும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. சட்டம் வாரிசுக்கு உரிமை தரலாம். சாவியைத் தர அதனால் முடியாது.

நண்பரின் மகன் சென்ற விடுமுறையில் வந்திருந்தான். கருவியில் கார்டைப் போட்டான். படித்தது. மூன்று கோடைகளையும் விளக்குச் சூட்டையும் தாங்கிப் பிழைத்திருந்தது. அன்றே இரண்டு புதுக் கார்டுகளில் நகல் எடுத்து, திரையில் வந்த சொற்களைத் தந்தையும் மகனுமாக உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதி, பிறகு மாற்றி வாசித்துச் சரிபார்த்தார்கள். பழைய கார்டை நண்பரே வெட்டினார்.

அவர்கள் அப்படி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது நம் முன்னோர் ஏடு பெயர்த்து எழுதியதே நினைவுக்கு வந்தது. ஓலையும் நிரந்தரமன்று, செல்லரிக்கும், ஒடியும். அது தெரிந்துதான் பழைய ஏடு சிதைவதற்குள் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதிவைத்தார்கள். எழுதுவாரின்றி விடப்பட்டவை மண்ணாகிப் போயின. பெயர்த்து எழுதப்பட்டவை அச்சேறி நம் கைக்கு வந்தன. நகத்தளவு கார்டும் ஓர் ஏடுதான். உங்கள் வீட்டு உறையைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?